துப்புரவுக் கருவிகளுக்கும் துப்புரவு தேவை

உழவர் இல்லத்தில் பொழுது விடிந்ததும் முதலில் கையில் எடுக்கப்படும் கருவி மண்வெட்டி அன்று, துடைப்பமே ஆகும். வாசல் கூட்டி, தொழுவம் தள்ளி, பால் பாத்திரம் கழுவிய பிறகுதான் வயல் வேலை தொடங்குகிறது. இவ்வேலைகளுக்குத் துடைப்பம், துடைக்கும் துணி, தேய்க்கும் நார், வாளி, குவளை ஆகியன காலங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. இப்போது கிரைண்டர், மிக்சி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரம் ஆகியவையும் சிற்றூர்களில் பரவலாகிவிட்டன. 2011ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை விலையின்றி வழங்கியதும் இதற்கு ஒரு காரணமாகும்.

இக்கருவிகள் பிறவற்றைச் சுத்தம் செய்பவை; ஆதலால் இவற்றைத் தனியே சுத்தம் செய்யத் தேவையில்லை என்ற எண்ணம் பலரிடம் உள்ளது. உண்மை இதற்கு மாறானது. துடைப்பமும் துணியும் அழுக்கை அழிப்பதில்லை. ஓரிடத்து அழுக்கை எடுத்து, அதில் ஒரு பகுதியைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்கின்றன. தொழுவத்தில் இது மடிநோயாக வெளிப்படும். களத்தில் விதைக் கலப்பாகவும், குதிரில் வண்டாகவும், பூச்சிமருந்து புழங்கும் வீட்டில் நஞ்சாகவும் வெளிப்படும். நட்டம் ஏற்படும்போது பசுவின் மீதோ விதை விற்றவர் மீதோ குறை சொல்கிறோம். மூலையில் சாத்திய துடைப்பத்தை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஈரமே முதல் எதிரி

நோய்க்கிருமிகள் பெருகுவதற்கு உணவு, ஈரம், வெப்பம் ஆகிய மூன்றும் தேவை. சோற்றுப் பருக்கை, பால், சாணம் ஆகியவற்றின் எச்சம் உணவாகிறது. வெப்பத்திற்கு நம் நாட்டில் குறைவில்லை. பிழியாமல் சுருட்டி வைத்த துணியில் ஈரமும் கிடைத்துவிடுகிறது. எல்லாம் சாதகமாக அமைந்தால் சிலவகைக் குடல் கிருமிகள் 20 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்தக் கணக்கில் ஒரு கிருமி 3 மணி நேரத்தில் 512 ஆகும். 6 மணி நேரத்தில் 2,62,144 ஆகும். காலையில் அடுப்பு மேடையைத் துடைத்துக் குழாயடியில் போட்ட ஈரத் துணியை மதியம் எடுத்து உண்ணும் தட்டைத் துடைத்தால், தட்டில் என்ன பூசுகிறோம் என்பதை இந்தக் கணக்கிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

இம்மூன்றில் உணவை முழுவதும் அகற்றுவது கடினம். வெப்பத்தைக் குறைக்க வழியில்லை. ஈரத்தை மட்டும் செலவில்லாமல் போக்க முடியும். எந்தத் துப்புரவுக் கருவியையும் கழுவி, உதறி, வெயிலில் காய வைப்பதே முதல் வேலை. வெயில் ஈரத்தை உறிஞ்சுவதுடன் அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் கிருமிகளையும் கொல்கின்றன. விலையுயர்ந்த மருந்து நீரில் நனைத்து மூலையில் போட்ட துணியைக் காட்டிலும், வெறும் சோப்பில் அலசி வெயிலில் காய்ந்த துணி மேலானது.

துடைப்பம்

தென்னை ஈர்க்கில் கட்டிய விளக்குமாறு ஈரத்தைத் தாங்கும். வாரம் ஒருமுறை சோப்புத் தண்ணீரில் முக்கி, கல்லில் தட்டி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் தொங்கவிட வேண்டும். கட்டுக் கயிற்றின் அடியில்தான் சாணமும் மண்ணும் இறுகியிருக்கும். ஆகவே மாதம் ஒருமுறை கட்டைத் தளர்த்தி, ஈர்க்குகளைப் பிரித்துக் கழுவி, மீண்டும் இறுக்கிக் கட்டுதல் நலம். பூந்துடைப்பம் அப்படிப்பட்டதன்று. அது ஒருவகைப் புல்லின் கதிர். நெடுநேரம் ஊறினால் பூ உதிர்ந்து தண்டு மக்கும். எனவே அதை வீட்டிற்கு வெளியே தட்டித் தூசியைப் போக்கி, நுனியை மட்டும் சோப்புத் தண்ணீரில் நனைத்து உடனே அலசி, நிழலில் காற்றாட உலர்த்திப் பிறகு சற்று வெயில் காட்டினால் போதும்.

துடைப்பம் கண்ணில் படக்கூடாது என்பது நம் வீடுகளில் வழக்கம். அதற்காகக் கதவுக்குப் பின்னால், வெளிச்சமும் காற்றும் இல்லாத மூலையில் வைத்துவிடுகிறோம். வழக்கத்தை மாற்றச் சொல்லவில்லை. அதே கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி அடித்துத் தரையில் படாமல் தொங்கவிட்டால் வழக்கமும் நிற்கும், துடைப்பமும் காயும். நுனி தரையில் ஊன்றி நின்றால் ஈர்க்கு வளைவதோடு ஈரமும் அடியிலேயே தங்கிவிடும்.

புதுத் துடைப்பம் வாங்கியதும் பழையது தொழுவத்திற்குப் போவது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். இதில் தவறில்லை. தொழுவத்திற்குப் போனது திரும்பி வீட்டிற்குள் வரக்கூடாது என்பதே முக்கியம். வீடு, தொழுவம், களம், கழிப்பறை ஆகிய நான்கிற்கும் தனித்தனியே வைத்து, பிடியில் வெவ்வேறு நிற வண்ணம் பூசிவிட்டால் குழந்தைகளும் மாற்றி எடுக்க மாட்டார்கள்.

களமும் விதை நெல்லும்

விதைக்கென நெல் சாகுபடி செய்யும் விவசாயப் பெருமக்கள் இப்பகுதியைச் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். சான்று விதையில் ஒரு கிலோவில் பிற இரக நெல் 20 மணிகளுக்கு மேல் இருக்கக்கூடாது. ஆதார விதையில் 10 மணிகளுக்கு மேல் கூடாது. 1,000 மணிகளின் எடை 25 கிராம் உள்ள தடித்த நெல்லிலேயே ஒரு கிலோவில் 40,000 மணிகள் இருக்கும். சன்ன இரகமானால் இன்னும் கூடும். அத்தனை மணிகளில் 20 என்பது எவ்வளவு சிறிய அளவு!

வயலில் கலவன்களைப் பிடுங்கியெறிய ஆள் வைத்துச் செலவு செய்கிறோம். அறுவடையானதும், சென்ற வாரம் வேறு இரகம் அடித்த களத்தில், அதே துடைப்பத்தால் கூட்டி, அதே முறத்தால் தூற்றி, அதே சாக்கில் பிடிக்கிறோம். ஈர்க்குகளின் இடையிலும், முறத்தின் பின்னலிலும், சாக்கின் தையலிலும் ஒட்டியிருந்த மணிகள் இப்போது விதைக் குவியலுக்குள் இறங்கிவிடுகின்றன. வயலில் செய்த செலவு களத்தில் வீணாகிறது.

ஆகவே ஓர் இரகம் முடிந்து அடுத்த இரகம் களத்திற்கு வருமுன் துடைப்பம், முறம், சல்லடை, மரக்கால், சாக்கு, தார்ப்பாய் ஆகியவற்றைக் களத்திற்கு வெளியே கொண்டுபோய்த் தட்டி உதற வேண்டும். சாக்கை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி உதறுவது அவசியம். சாக்கின் அடித்தையலில் தங்கும் மணிகள் மேலோட்டமாக உதறினால் விழமாட்டா. களத்து வெடிப்புகளைக் கூரிய குச்சியால் கிளறிக் கூட்டிவிட வேண்டும். இறுதியில் களத்தைக் கூட்டித் திரட்டும் நெல்லை ஒருபோதும் விதைக் குவியலில் சேர்க்கக்கூடாது. அது மண்ணோடு கலந்த நெல் மட்டுமன்று. எந்த இரகம் என்று யாராலும் சொல்ல முடியாத நெல். கோழிக்குப் போடலாம், அரைத்துச் சாப்பிடலாம், விதைக்கு ஆகாது.

சேமிப்பு அறை

தானியத்தை நன்கு காயவைத்துச் சேமித்தும் வண்டு வந்துவிட்டது என்று பலர் வருந்துகின்றனர். நெல் கூன்வண்டு, தானியத் துளைப்பான், பயறு வண்டு ஆகியவை வயலிலிருந்தும் வரலாம். ஆனால் முந்தைய போகத்துத் தானியத் துகள் ஒட்டிய சாக்கு, சல்லடை, துடைப்பம் ஆகியவற்றில் ஏற்கனவே குடியிருந்து புதுத் தானியத்திற்கு மாறுவதும் மிகுதி. கப்ரா வண்டின் புழுக்கள் சுவர் வெடிப்பிலும் சாக்கு மடிப்பிலும் உணவின்றிப் பல மாதங்கள் உயிருடன் இருக்கக்கூடியவை. மாவு சலிக்கும் சல்லடையின் விளிம்பு வளையத்தை ஒரு முறை தட்டிப் பாருங்கள். சிவந்த சிறு வண்டுகள் விழுந்தால் அவை மாவு வண்டுகள் என்று அறியலாம்.

பழைய சாக்குகளைக் கொதிநீரில் கால் மணி நேரம் முக்கியெடுத்து நன்கு காயவைத்தபின் பயன்படுத்துதல் எளிய முறை. முறம், சல்லடை போன்றவற்றைத் தட்டிச் சுத்தம் செய்து, கோடையில் சிமெண்டுத் தரையிலோ தகரத்தின் மேலோ நாள் முழுதும் வெயிலில் பரப்பிவைக்க வேண்டும். 50 பாகை செல்சியசைத் தாண்டும் வெப்பத்தைச் சேமிப்புப் பூச்சிகளால் நெடுநேரம் தாங்க முடியாது. சேமிப்பு அறையைக் கூட்டிய குப்பையை அறை வாசலில் குவித்து வைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. வெளியேற்றிய வண்டுகள் மாலைக்குள் திரும்பி வர இதுவே வழி செய்கிறது. அக்குப்பையை அன்றே எரித்துவிடுவது நல்லது.

தொழுவமும் பால் பாத்திரமும்

இரண்டு அல்லது மூன்று கறவை மாடு வைத்திருப்போர் எல்லா மாடுகளின் மடியையும் ஒரே துணியால், ஒரே வாளித் தண்ணீரில் துடைப்பதைக் காண்கிறோம். மடிநோயை உண்டாக்கும் கிருமிகளில் சில, நோயுற்ற மடியிலிருந்து நல்ல மடிக்குப் போகக் கறப்பவரின் கையையும் துடைக்கும் துணியையுமே நம்பியிருக்கின்றன. சுத்தம் செய்வதாக எண்ணிக்கொண்டு நாமே நோயைப் பரப்புகிறோம். நோய் முற்றினால் பால் குறைவதோடு அந்தக் காம்பே பயனற்றுப் போகவும் கூடும். ஒரு மாட்டின் பால் வருவாயை நம்பிக் கடன் கட்டும் குடும்பத்திற்கு இது சிறிய இழப்பன்று.

மாட்டிற்கு ஒரு துணி என்று ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பழைய வேட்டியைச் சதுரங்களாகக் கிழித்துக்கொண்டாலே போதும். பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளஞ்சிவப்பு நிறம் வருமளவு தண்ணீரில் கரைத்து மடியைக் கழுவி, அந்த மாட்டிற்குரிய உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைத்தபின் கறக்க வேண்டும். நோயுற்ற மாட்டைக் கடைசியில் கறக்க வேண்டும். கறவை முடிந்ததும் துணிகளைச் சோப்பிட்டு அலசி, கொதிநீரில் 5 நிமிடம் போட்டெடுத்து வெயிலில் உலர்த்த வேண்டும். மழைக்காலத்தில் வெயில் இல்லாவிடில் அடுப்பங்கரைக் கொடியில் காயப்போடலாம். ஈரத்தோடு மறுவேளைக்கு எடுக்கக்கூடாது.

பால் பாத்திரத்தை எடுத்தவுடனே வெந்நீரில் கழுவுவது தவறு. சூடு பட்டதும் பாலிலுள்ள புரதம் இறுகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். பிறகு சோப்புத் தூள் கரைத்த வெந்நீரில் தேய்த்துக் கழுவி, இறுதியில் கொதிநீர் ஊற்றிக் கவிழ்த்து வைக்க வேண்டும். துருவேறாத எஃகுப் பாத்திரத்திற்குச் சலவைச் சோடா பயன்படுத்தலாம். அலுமினியத்தை அது அரித்துவிடும். சாம்பலும் மணலும் கொண்டு தேய்த்தால் பாத்திரம் பளபளக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். அக்கீறல்களில் தங்கும் பால் அடுத்த வேளைப் பாலையும் கெடுக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பால் புளித்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும்போது, பாத்திரத்தை மட்டும் பார்க்காமல் அதைத் தேய்த்த தூரிகையையும் முகர்ந்து பார்த்தல் நல்லது. பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும்.

கோமாரி நோய் கண்ட சமயத்தில் துடைப்பம், கூடை, மண்வெட்டி, வாளி ஆகியவற்றைப் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்குவதோ கொடுப்பதோ கூடாது. 10 லிட்டர் தண்ணீரில் 400 கிராம் சலவைச் சோடா கரைத்தால் 4 சதக் கரைசல் கிடைக்கும். சாணம் போகக் கழுவிய கருவிகளை இதில் நனைத்து வைத்தால் கோமாரிக் கிருமி அழியும்.

சமையலறை

பாத்திரம் தேய்க்கும் பஞ்சும் நாரும் சமையலறையிலேயே மிகுந்த அழுக்குக்கு இடமானவை. எப்போதும் ஈரமாக, எப்போதும் உணவுத் துகளோடு, சோப்பு டப்பாவிலேயே கிடக்கின்றன. வேலை முடிந்ததும் அலசிப் பிழிந்து காற்றாட வைக்க வேண்டும். இரண்டு வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் ஒன்று காய நேரம் கிடைக்கும். வழவழப்போ வாடையோ வந்தால் எறிந்துவிடலாம். தேங்காய் நாருக்கு நமக்கு என்ன பஞ்சம்?

கொல்லையில் பீர்க்கங்கொடி உள்ளவர்கள் கொடிக்கு இரண்டு காயைப் பறிக்காமல் முற்றவிட்டு நெற்றாக்கலாம். உள்ளே விதை குலுங்கும் அளவுக்குக் காய்ந்ததும் தோலை நீக்கி விதையைத் தட்டியெடுத்தால் அடுத்த பருவத்திற்கு விதையும் ஆயிற்று, பாத்திரம் தேய்க்கக் கூடும் ஆயிற்று. பழசானதைக் குப்பைக் குழியில் போட்டால் மக்கியும் விடும். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் நார் மக்காது.

தரை துடைக்கும் துணியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரே வாளித் தண்ணீரில் வீடு முழுவதும் துடைத்துவிட்டு, தண்ணீர் கருத்தபின் அதில் பினாயில் சேர்ப்பது வழக்கமாக உள்ளது. அழுக்கு மிகுந்த நீரில் கிருமிநாசினியின் பலன் குறைந்துவிடும். மணம் மட்டுமே மிஞ்சும். அறைக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றி, நல்ல தண்ணீரில் பினாயிலைச் சேர்ப்பதே முறை.

மின் கருவிகள்

கிரைண்டர், மிக்சி ஆகியவற்றைச் சுத்தம் செய்யுமுன் சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று உலோக உடல் கொண்ட கிரைண்டரைக் கழுவும்போது மின்கசிவு இருந்தால் உயிருக்கே ஆபத்து. மூன்று முனைப் பிளக்கும் சரியான தரைக்கம்பி இணைப்பும் இல்லாத வீட்டில் முதலில் அதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

மாவு அரைத்ததும் கல் காய்வதற்குள் கழுவிவிட வேண்டும். காய்ந்த மாவு கல்லின் சிறு குழிகளில் புளித்துப்போய் மறுநாள் மாவையும் விரைவில் புளிக்க வைக்கும். உருளைக் கல்லின் அச்சு, மாவு தள்ளும் பலகையின் அடிப்பக்கம் ஆகிய இடங்களைச் சிறு தூரிகையால் தேய்க்க வேண்டும். கழுவியதும் மூடி வைக்காமல் திறந்து காயவிட வேண்டும். மோட்டார் பகுதியில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.

மிக்சி ஜாரில் மூடியின் இரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்க்கவும். பல வீடுகளில் அதன் அடியில் கருப்புப் பூசணம் படிந்திருக்கும். வளையத்தைச் சோப்பில் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபின் மாட்ட வேண்டும். மிக்சியின் அடியிலுள்ள காற்றுத் துளைகளில் மாவுத் தூசி அடைத்துக்கொண்டால் மோட்டார் சூடேறிக் கருகும். உலர்ந்த தூரிகையால் மாதம் ஒருமுறை துடைத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம். குளிர்பதனப் பெட்டிக்கும் இதுவே பொருந்தும்: கதவு இரப்பரைத் துடைப்பது ஒன்று, பின்புறக் கம்பிச் சுருள் வெளியே தெரியும் வகையானால் அதன் தூசியைப் போக்குவது மற்றொன்று. தூசி படிந்த பெட்டி அதிக மின்சாரம் இழுக்கும்.

சலவை இயந்திரத்தில் நூல் துணுக்கு சேரும் வலைப்பையை ஒவ்வொரு சலவைக்குப் பிறகும் சுத்தம் செய்ய வேண்டும். வேலை முடிந்ததும் கதவைத் திறந்தே வைக்க வேண்டும். உப்புத் தண்ணீர் உள்ள ஊர்களில் உட்புறம் சுண்ணாம்புப் படிவு ஏற்படும். எலுமிச்சை உப்பு எனக் கடைகளில் கிடைக்கும் சிட்ரிக் அமிலத்தைப் போட்டு, துணியில்லாமல் ஒருமுறை ஓட்டினால் படிவு கரையும்.

பூச்சிமருந்தும் சலவையும்

மருந்து தெளித்துவிட்டு வந்து கழற்றிப் போடும் சட்டையையும் வேட்டியையும் துவைப்பவர் யார்? பெரும்பாலும் வீட்டுப் பெண்மணிகளே. அவர்கள் அன்று வயலுக்கே போயிருக்க மாட்டார்கள். ஆயினும் மருந்து அவர்கள் கையில் படுகிறது. அதே வாளியில் குழந்தையின் துணியும் ஊறினால் அதிலும் மருந்து ஏறுகிறது. சலவை இயந்திரம் வந்தபின் இந்த ஆபத்து கண்ணுக்கு மறைந்துவிட்டதே தவிர, நீங்கிவிடவில்லை.

தெளிப்புத் துணியை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனிப் பையில் போட்டு, அன்றே துவைக்க வேண்டும். நாள் தள்ளினால் மருந்து நூலில் ஊறி இறுகும். கையால் துவைப்பவர் இரப்பர்க் கையுறை அணிந்து, இதற்கென ஒதுக்கிய வாளியில் துவைக்க வேண்டும். முதலில் வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, பின் வெந்நீரில் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சோப்புத் தூள் சேர்த்துத் துவைத்து, இருமுறை அலச வேண்டும். கிணற்றடியிலும் குளத்துப் படியிலும் வாய்க்காலிலும் இதைச் செய்யவே கூடாது. இயந்திரத்தில் போட்டால், சலவை முடிந்தபின் துணியில்லாமல் சோப்புத் தூளும் வெந்நீரும் கொண்டு ஒருமுறை முழுவதும் ஓட்டிய பிறகே வீட்டுத் துணிகளைப் போட வேண்டும். துவைத்த துணியை வெளியே வெயிலில் காயவைக்க வேண்டும். தண்ணீர் கலக்காத மருந்தே கொட்டி நனைந்த துணியைத் துவைத்துப் பயன்படுத்த முயல வேண்டாம். அது எவ்வளவு துவைத்தாலும் முழுதும் போகாது.

மருந்து கலக்கும் வாளி, குவளை, கிளறும் குச்சி ஆகியவற்றில் சிவப்பு வண்ணத்தில் அடையாளமிட்டுப் பூட்டிய இடத்தில் வைக்க வேண்டும். அவற்றால் மாட்டிற்குத் தண்ணீர் காட்டுவதும் வீடு கழுவுவதும் கூடாது. தெளிப்பானைச் சிறிது சிறிதாகத் தண்ணீர் விட்டு மும்முறை அலசி, அந்நீரை மருந்து தெளித்த வயலிலேயே தெளித்துவிட வேண்டும். நுனிக்குழல் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதக்கூடாது. கம்பியால் குத்தினால் துளை பெரிதாகி மருந்து அளவு மாறிவிடும். மென்மையான தூரிகையே போதும்.

களைக்கொல்லி தெளித்த தெளிப்பானுக்குத் தண்ணீர் அலசல் போதாது. 2,4-டி களைக்கொல்லி இரப்பர்க் குழாயிலும் வளையங்களிலும் ஒட்டியிருக்கும். மிகச் சிறிய அளவே மிஞ்சியிருந்தாலும் பருத்தி, தக்காளி, மிளகாய், திராட்சை ஆகியவற்றின் இலைகள் சுருண்டு பயிர் பாழாகும். 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சலவைச் சோடா கரைத்து, குழாயிலும் நுனிக்குழலிலும் புகும்படி சற்றுத் தெளித்துவிட்டு, மீதியை இரவு முழுவதும் தொட்டியிலும் குழாயிலும் நிறுத்தி வைத்து மறுநாள் நன்கு அலச வேண்டும். இரண்டு தெளிப்பான் வாங்க வசதியுள்ளோர் களைக்கொல்லிக்கெனத் தனியே ஒன்று வைத்துக்கொள்வது இதைவிடச் சிறந்தது. இரண்டு மூன்று உழவர்கள் சேர்ந்து வாங்கிக்கொண்டாலும் சரியே.

சலவைத்தூள்

கிருமி நீக்கத்திற்குச் சலவைத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர், மலிவானதும் நம்பகமானதுமாகும். புதிய தூளில் 30 சதத்திற்கு மேல் பயன்தரும் குளோரின் உண்டு. திறந்து வைத்தால் ஈரமும் வெளிச்சமும் பட்டு வீரியம் குறையும். வாடையே இல்லாத பழைய தூளை நம்ப வேண்டாம். 10 லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் வீதம் கரைத்துத் தெளியவைத்து, தெளிந்த நீரில் துணி, தூரிகை ஆகியவற்றை 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து அலசலாம். முதலில் சோப்பால் அழுக்கைப் போக்கியிருக்க வேண்டும். அழுக்கோடு போட்டால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். உலோகப் பாத்திரங்களையும் நிறத் துணிகளையும் இதில் ஊறவைக்கக்கூடாது.

சலவைத்தூளையும் கழிப்பறை கழுவும் அமிலத்தையும் ஒன்றாகக் கலப்பது உயிருக்கு ஆபத்தானது. இரண்டையும் சேர்த்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகும் என்று எண்ணுவோர் இருக்கின்றனர். சேர்ந்தவுடன் குளோரின் வாயு வெளிப்படும். அது மூச்சுக்குழலையும் நுரையீரலையும் தாக்கும். சன்னல் இல்லாத சிறு கழிப்பறையில் நிலைமை இன்னும் மோசமாகும். அவ்வாறே மாட்டுச் சிறுநீர் ஊறிய துடைப்பத்தையும் துணியையும் அலசாமல் சலவைத்தூள் நீரில் போடக்கூடாது. சிறுநீரிலுள்ள அம்மோனியாவோடு சேர்ந்து கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் வாயு உண்டாகும். தவறிக் கலந்துவிட்டால் அங்கே நின்று தண்ணீர் ஊற்ற முயலாமல் உடனே வெளியேறிக் கதவைத் திறந்துவிட வேண்டும். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதிக்கக்கூடாது.

தேய்ந்தவற்றைக் கழித்தல்

பாதியாகத் தேய்ந்த துடைப்பமும், மயிர் வளைந்த தூரிகையும், நூல் பிரிந்த துணியும் சுத்தம் செய்வதில்லை, அழுக்கை இழுத்துவிடுகின்றன. இவற்றைச் சிக்கனம் கருதி வைத்திருப்பதில் இலாபமில்லை. வீட்டிலும் களத்திலும் பயன்பட்ட ஈர்க்குகளைக் கழுவிக் காயவைத்து நாற்றங்காலில் இளங்கன்றுகளுக்கு ஊன்றுகோலாக வைக்கலாம். பருத்தித் துணியும் நாரும் குப்பைக் குழியில் மக்கும். மருந்து வைத்த அறையைக் கூட்டிய துடைப்பத்தையும், சிந்திய மருந்தைத் துடைத்த துணியையும் மட்டும் இவ்விரண்டிற்கும் பயன்படுத்தக்கூடாது. அடுப்பில் வைத்து எரிக்கவும் கூடாது. கிணறு, வாய்க்கால், மேய்ச்சல் தரை ஆகியவற்றுக்கு எட்டாத மேட்டு இடத்தில் ஆழக் குழி வெட்டிப் புதைத்துவிட வேண்டும்.